பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு ஏர்போர்ட்: பர்டூ விமான நிலையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வெஸ்ட் லஃபாயெட் என்று ஓர் ஊர். பர்டூ பல்கலைக்கழகம் இல்லையென்றால் அந்த ஊரின் பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். வளாகத்தை ஒட்டி, தென்மேற்கு ஓரத்தில், ஒரு விமான நிலையம் இருக்கிறது. அது மாநில அரசுடையதும் அல்ல, நகராட்சியுடையதும் அல்ல, பல்கலைக்கழகத்தின் சொத்து. பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்த பெற்றோர், விமானம் என்றால் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பவர்கள், 1937இல் பசிபிக் கடலில் காணாமல் போன விமானி அமீலியா ஏர்ஹார்டின் கதையில் மயங்கியவர்கள் என்று பலரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

நிஜமாகவே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமா? பெயர் மட்டும்தானா?

நிஜமாகவே. நிலம், ஓடுபாதை, ஹேங்கர்கள் (விமானம் நிறுத்தும் கொட்டகைகள்) எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் சொந்தமாக வைத்துக்கொண்ட முதல் விமான நிலையம் இதுதான். டிக்கெட்டில் இதன் சுருக்கம் எல்ஏஎஃப், அதாவது லஃபாயெட்.

அப்படியென்றால் "பொது" விமான நிலையம் என்று ஏன் சொல்கிறார்கள்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். யாருடைய சொத்து என்பது ஒன்று, யார் பயன்படுத்தலாம் என்பது வேறொன்று. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான தனியார் ஓடுபாதைகள் உண்டு. பண்ணைக்காரர் தன் வயலோரத்தில் புல்லைச் சமன்செய்து வைத்திருப்பார், அவருடைய அனுமதி இல்லாமல் வேறு யாரும் அங்கே இறங்க முடியாது. பொதுப் பயன்பாட்டு விமான நிலையம் அப்படியல்ல. உரிமம் உள்ள எந்த பைலட்டும், பல்கலைக்கழகத்தோடு ஒட்டோ உறவோ இல்லாதவராக இருந்தாலும், விதிப்படி இறங்கலாம், எரிபொருள் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஊர்ச் சாலைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பது மட்டும் பல்கலைக்கழகம்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு விமான நிலையம் எதற்கு?

1920களின் கடைசிக்குப் போக வேண்டும். 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த பிறகு அமெரிக்கா முழுவதற்கும் விமானப் பித்துப் பிடித்திருந்தது. இறங்குவதற்கு இடம் இல்லாத ஊர் பின்தங்கிய ஊர் என்ற எண்ணம் வந்துவிட்டது. பர்டூவோ 1869இல் தொடங்கிய நிலக்கொடைப் பல்கலைக்கழகம். அதாவது, விவசாயமும் இயந்திரக் கலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டளையோடு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான வகையைச் சேர்ந்தது. அந்த வகைக் கல்லூரிகளில் விவசாயம் படிக்கிறவனுக்கு வயல் இருக்கும், மாடு இருக்கும். நீராவி எஞ்சின் படிக்கிறவனுக்கு எஞ்சினே இருக்கும். பர்டூ மாணவர்களுக்குப் பட்டப்பெயரே "பாய்லர்மேக்கர்ஸ்", கொதிகலன் செய்கிறவர்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், விமானம் படிக்கிறவனுக்கு ஓடுபாதை வேண்டும் என்பது ஆடம்பரமாகவே தெரியாது. பட்டறை இல்லாமல் தச்சு வேலை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இதை முதலில் உணர்ந்தவர் டேவிட் ராஸ். அந்தப் பகுதிக்காரர், பர்டூவில் படித்தவர், வாகனங்களின் ஸ்டீயரிங் கியர் செய்து பணக்காரரானவர், அப்புறம் பல்கலைக்கழக அறங்காவலர். அங்குள்ள கால்பந்து மைதானத்தின் பெயரில் பாதி இவருடையது (ராஸ்-ஏட் ஸ்டேடியம்; ஏட் என்பது ஜார்ஜ் ஏட் என்ற எழுத்தாளர்). 1930இல் ராஸ் ஒரு நிலத்தை வாங்கி, விமானக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் என்று பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சில இடங்களில் 1930 என்றும் சில இடங்களில் 1934 என்றும் போட்டிருக்கிறதே?

நிலம் வந்தது 1930இல். முதல் ஹேங்கரோடு விமான நிலையமாக உருப்பெற்றது 1934இல். இரண்டும் சரிதான்.

அமீலியா ஏர்ஹார்டுக்கும் பர்டூவுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா பெருமைக்குச் சொல்கிறார்களா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. சம்பந்தம் உண்டு, நினைப்பதைவிட நெருக்கமானது.

1934இல் நியூயார்க்கில் பெண்களின் எதிர்காலம் பற்றி ஏர்ஹார்ட் பேசியதை அப்போதைய பர்டூ தலைவர் எட்வர்ட் எலியட் கேட்டார். ஏர்ஹார்ட் ஏற்கெனவே 1932இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து உலகப் புகழ் பெற்றிருந்தார். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதோடு எலியட் நிற்கவில்லை; நீங்கள் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார். 1935இலிருந்து ஏர்ஹார்ட் அங்கே இரண்டு வேலைகள் பார்த்தார். ஒன்று, மாணவிகளுக்கு வேலை, வாழ்க்கைத் தொழில் பற்றிய ஆலோசகர். இன்னொன்று, விமானத் துறைக்கு ஆலோசகர். நாடெங்கும் சொற்பொழிவுக்கு அலைந்துகொண்டிருந்தவர் என்பதால் வருடத்தில் சில வாரங்கள்தான் வளாகத்தில் இருப்பார். இருக்கும்போது மாணவியர் ஹாஸ்டலிலேயே தங்குவார், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், ராத்திரி நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். படித்து முடித்து என்ன செய்யப்போகிறீர்கள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீர்களா என்று மாணவிகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார். நம் வீட்டுப் பெண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்காத காலம் அது. அமெரிக்காவிலும் அதிகம் பேர் கேட்கவில்லை.

அந்த ஹாஸ்டலில் ஒரு கதை சொல்வார்கள். ஏர்ஹார்ட் சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றி உட்காருவாராம். அதைப் பார்த்து மாணவிகளும் ஊன்ற ஆரம்பித்தார்கள். கண்டித்தபோது, "அவர் மட்டும் ஊன்றலாமா?" என்றார்களாம். "அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டு வா, நீயும் ஊன்றிக்கொள்ளலாம்" என்று விடுதிப் பொறுப்பாளர் பதில் சொன்னாராம்.

அவர் காணாமல் போன விமானம் பர்டூவுடையதா?

வாங்கிக் கொடுத்தது பர்டூ வட்டாரம்தான். பர்டூ ஆராய்ச்சி அறக்கட்டளையில் ஏர்ஹார்ட் பெயரில் விமான ஆராய்ச்சி நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முன்னே சொன்ன டேவிட் ராஸ் அதில் பெரிய கொடையாளி. மருந்து நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.கே. லில்லியும் கொடுத்தார். அந்தப் பணத்தில் வந்ததுதான் லாக்ஹீட் எலெக்ட்ரா 10ஈ, இரட்டை எஞ்சின் விமானம். 1936 ஜூலை 24இல், அவருடைய 39ஆவது பிறந்தநாளில், கைக்கு வந்தது. "பறக்கும் ஆய்வுக்கூடம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நெடுந்தூரம் பறந்தால் மனித உடம்புக்கும் கருவிகளுக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. உலகைச் சுற்றும் ஆசைக்கு ஆராய்ச்சி என்று ஒரு சட்டை மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் தப்பும் இல்லை.

1937 மார்ச்சில் முதல் முயற்சி ஹவாயில் முடிந்தது. ஹோனலூலுவில் கிளம்பும்போது விமானம் ஓடுபாதையிலேயே சுழன்று சேதமானது. பழுதுபார்த்து, திசையை மாற்றி, இந்த முறை கிழக்கு நோக்கிக் கிளம்பினார். ஜூன் மாதம் ஆப்பிரிக்காவைத் தாண்டிக் கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் வழியாகப் போனார். அதாவது பர்டூ வாங்கிக் கொடுத்த விமானம் நம் பக்கத்து மழைக்காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனது. கல்கத்தாவில் மழையில் ஊறிய தரையிலிருந்து அது மேலெழும்பவே சிரமப்பட்டது. 1937 ஜூலை 2இல் நியூ கினியின் லே என்ற ஊரிலிருந்து, வழிகாட்டி ஃப்ரெட் நூனனுடன், பசிபிக் நடுவே உள்ள ஹௌலண்ட் தீவை நோக்கிக் கிளம்பினார். சுமார் 4,100 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, சில கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு துண்டு நிலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அருகில் நின்ற கடலோரக் காவல் கப்பல் இடாஸ்காவுக்கு அவருடைய ரேடியோக் குரல் பலமாகவே கேட்டது. விமானம் வரவில்லை.

கண்டுபிடித்துவிட்டார்களா?

இல்லை. நிக்குமரோரோ என்ற பவளத்தீவின் உள்கடலில் செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற ஒரு பொருளைப் போய்ப் பார்க்கப்போவதாகப் பர்டூ தரப்பு 2025இல் அறிவித்தது. கிடைத்தால் அதை வெஸ்ட் லஃபாயெட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. உலகப் பயணம் முடிந்ததும் விமானத்தைப் பர்டூவிடம் ஒப்படைக்க ஏர்ஹார்ட் எண்ணியிருந்தார் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அவருடைய கடிதங்கள், படங்கள், பொருள்கள் ஏராளமாகப் பர்டூ நூலக ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. கணவர் ஜார்ஜ் பட்னம் கொடுத்தவை.

இரண்டாம் உலகப் போரில் இந்த இடம் என்ன செய்தது?

பைலட்டுகளை உருவாக்கியது. போருக்கு முன்பே, 1939இல், அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தரும் திட்டம் ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. பெயரென்னவோ பொதுமக்கள் பைலட் பயிற்சித் திட்டம். ஜெர்மனியைப் பார்த்து வந்த பயம்தான் உள்நோக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது 13 கல்லூரிகளை மட்டும். சொந்த ஓடுபாதை வைத்திருந்த பர்டூ அதில் ஒன்று. போர் முடிந்த 1945இலேயே விமானவியலுக்குத் தனிப் பள்ளி உருவானது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தின் பக்கத்திலேயே ஸூக்ரோ ஆய்வகம் இருக்கிறது. பர்டூ பொறியியலில் கொடுத்த முதல் முனைவர் பட்டத்தைப் பெற்ற மாரிஸ் ஸூக்ரோவின் பெயர் அதற்கு. ராக்கெட், ஜெட் எஞ்சின்களை எரித்துப் பார்க்கும் இடம். வகுப்புக் கட்டடங்களுக்கு நடுவில் அப்படி ஒன்றை வைக்க முடியாது. காதும் போகும், கண்ணாடியும் போகும். ஊர் ஓரத்தில் திறந்த நிலம் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் சாத்தியமானது.

பர்டூ சொந்தமாக ஏர்லைன்ஸ் நடத்தியதாமே?

நடத்தியது! எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1942இல் பர்டூ ஏரோநாட்டிக்ஸ் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். விமான நிலையத்தை நடத்துவது, பயிற்சி கொடுப்பது, வாடகைக்கு விமானம் ஓட்டுவது எல்லாம் அதன் வேலை. போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த டிசி-3 விமானங்களை வைத்துக்கொண்டு விளையாட்டு அணிகளையும் மற்றவர்களையும் ஏற்றிச் சென்றது. மாணவர்கள் நிஜப் பயணிகளோடு, நிஜக் கால அட்டவணையோடு, நிஜ மழையில் வேலை கற்றார்கள். கல்யாணச் சமையல்காரரிடம் எடுபிடியாக இருந்து சமையல் கற்பது போல.

1960களின் கடைசியில் அது பர்டூ ஏர்லைன்ஸ் என்ற பெயரில் டிசி-9 ஜெட்டுகள் வரை வளர்ந்தது. அந்தக் காலத்தில் பிளேபாய் பத்திரிகை முதலாளி ஹியூ ஹெஃப்னருக்குக் கறுப்பு வண்ணத்தில் "பிக் பன்னி" என்று சொந்த டிசி-9 இருந்தது. அதை ஓட்டியதும் பராமரித்ததும் பர்டூ ஆட்கள்தான். சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாத ஒரு மத்திய மேற்குப் பல்கலைக்கழகத்துக்கு வாய்த்த வாடிக்கையாளரைப் பாருங்கள். 1971இல் எல்லாம் முடிந்தது. ஜெட் வாங்கிக் கடனில் இறங்கினால் ஒரு கல்வி நிறுவனத்தால் தாக்குப்பிடிக்க முடியாது.

நீல் ஆம்ஸ்ட்ராங் இங்கேதான் பறக்கக் கற்றாரா?

இல்லை. அவர் பதினாறு வயதிலேயே ஒஹாயோவில் மாணவர் பைலட் உரிமம் வாங்கிவிட்டார், அப்புறம் கடற்படை. பர்டூவில் விமானப் பொறியியல் படித்து 1955இல் பட்டம் பெற்றார், மாணவர் பறத்தல் சங்கத்தில் இருந்தார். சங்கம் பெரும்பாலும் பறந்தது லஃபாயெட் பக்கத்து வேறு சிறு நிலையங்களிலிருந்து. நிலவில் முதலில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங், கடைசியாகக் கால் எடுத்த ஜீன் செர்னன் இருவரும் பர்டூக்காரர்கள் என்பது மட்டும் முழு உண்மை. 2021இல் விண்வெளி விளிம்புவரை போய்வந்த சிரிஷா பண்ட்லாவும் அங்கே படித்தவர்தான்.

ஓடுபாதை எவ்வளவு பெரியது?

இரண்டு உண்டு. பெரியது 10/28, நீளம் 6,600 அடி. சிறியது 5/23, 4,225 அடி. எண்கள் திசையைக் குறிக்கின்றன. 10 என்றால் காந்தத் திசைமானியில் ஏறக்குறைய 100 பாகை, எதிர்முனையில் 280. காற்றை எதிர்த்து இறங்குவதுதான் பாதுகாப்பு என்பதால் இரண்டு திசைகளில் ஓடுபாதை இருப்பது வசதி, குறிப்பாகக் கைபழகாத மாணவர்களுக்கு. நடுத்தர ஜெட் விமானங்கள் பெரிய ஓடுபாதையில் தாராளமாக இறங்கும். கால்பந்துப் போட்டி நாட்களில் எதிரணியின் விமானமும் கொடையாளர்களின் சொகுசு ஜெட்டுகளும் வரிசைகட்டி நிற்கும்.

கட்டுப்பாட்டுக் கோபுரமும் இருக்கிறது. மாணவர்கள் நாள் முழுக்க ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகுவதால், பயணிகள் குறைவாக இருந்தும், இண்டியானாவில் இண்டியானாபொலிஸுக்கு அடுத்தபடி அதிகப் போக்குவரத்து உள்ள நிலையம் இது என்று சொல்வார்கள்.

செலவை யார் தருகிறார்கள்? மாணவர்களின் ஃபீஸ் பணமா?

நியாயமான சந்தேகம். பெரிய கட்டுமானச் செலவு (ஓடுபாதைக்குப் புதுத் தார், விளக்குகள், வேலி) பெரும்பாலும் மத்திய அரசிடமிருந்து வருகிறது. பயணிகள் டிக்கெட்டிலும் விமான எரிபொருளிலும் வசூலாகும் வரி ஓர் அறநிதியில் சேர்கிறது. அதிலிருந்து எஃப்ஏஏ, அதாவது விமானப் போக்குவரத்து நிர்வாகம், மானியம் தருகிறது. சிறிய நிலையங்களுக்குத் தகுதியுள்ள செலவில் சுமார் 90 சதவீதம்வரை அதிலேயே கிடைக்கும். மீதியை மாநிலமும் உரிமையாளரும் போட வேண்டும்.

சரி, இனாமாகவா தருவார்கள்? கையெழுத்துப் போடும்போது நிபந்தனைகள் வரும். எல்லா பைலட்டுகளுக்கும் பாரபட்சமில்லாமல் திறந்து வைக்க வேண்டும். விமான நிலையத்தில் வரும் வருமானத்தை விமான நிலையத்துக்கே செலவிட வேண்டும். ஹேங்கர் வாடகையை எடுத்து வேதியியல் துறைக்குக் கட்டடம் கட்ட முடியாது. நினைத்த நேரத்தில் மூடவும் முடியாது. கட்டுமான மானியத்தின் கட்டுப்பாடு பொதுவாக 20 ஆண்டு தொடரும், மானியத்தில் வாங்கிய நிலத்துக்கு முடிவே கிடையாது. முன்னே கேட்ட "பொது" என்பதன் பூட்டு இங்கேதான் இருக்கிறது. சொத்து பல்கலைக்கழகத்தினுடையது, ஆனால் அரசுப் பணம் வாங்கிய பிறகு அந்தச் சொத்து முழுக்க அவர்கள் இஷ்டத்துக்கு வளையாது.

அன்றாடச் செலவுக்கு எரிபொருள் விற்பனை, ஹேங்கர் வாடகை, நிலக் குத்தகை என்று வருமானம் தேட வேண்டும். பக்கத்து நிலத்தில் விமானத் தொழில் நிறுவனங்களைக் கொண்டுவரப் பர்டூ முயல்வது இதற்காகவும்தான். ஸ்வீடனின் சாப் நிறுவனம் அமெரிக்க விமானப்படையின் டி-7 பயிற்சி விமானத்துக்கான உடற்பகுதிகளைச் செய்யும் ஆலையை 2021இல் வெஸ்ட் லஃபாயெட்டில் திறந்தது.

வேறு பல்கலைக்கழகங்களிடமும் விமான நிலையம் உண்டா?

உண்டு, இருந்தது, இனி இராது. மூன்று வகையும் இருக்கின்றன.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் நிலையம் 1945இல் வந்தது; அதன் அப்போதைய தலைவரின் பெயர். ஓடுபாதை 8,100 அடி, பெரிய ஏர்லைன்களின் விமானங்கள் வந்துபோகின்றன. அங்கே 1946இல் அலெக்ஸாண்டர் வில்லியம்ஸ் விமான உளவியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வானில் எத்தனை நிமிஷம் மிச்சமாகும், காக்பிட்டில் முள் எந்தப் பக்கம் நகர்ந்தால் பைலட் குழம்புவார் என்ற மாதிரியான கேள்விகளை அளந்து பார்த்தார்கள். ஆனால் அதே பல்கலைக்கழகம் 2010களில் தன் பைலட் பயிற்சி நிறுவனத்தை மூடிவிட்டு, பயிற்சியைப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரிக்குத் தள்ளிவிட்டது. நிலையம் மட்டும் கையில் நிற்கிறது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிலையத்துக்கு டான் ஸ்காட்டின் பெயர். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரம். 1943இல் இங்கிலாந்தில் குண்டுவீச்சு விமான விபத்தில் இறந்தார். ஓடுபாதையை நீட்டலாம் என்றபோது சுற்றுப்புற மக்கள் சத்தத்தைச் சொல்லி எதிர்த்து நின்றார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓக்லஹோமா, ஆபர்ன் பல்கலைக்கழகங்களும் சொந்தமாக வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட், 2020களின் தொடக்கத்தில் தன் பங்கை உள்ளூர் விமான நிலைய ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் இருக்கிறது: பழைய விமானப்படைத் தளத்தில் 1946இல் விமானவியல் கல்லூரியாகத் தொடங்கி, இன்று பல்கலைக்கழகமாக, அதே ஓடுபாதையில் பறக்கும் வகுப்பறையாக ஒரு விமானத்தை ஓட்டுகிறது.

மூடப்பட்டதற்கு உதாரணம் வட கரோலினாவின் சேப்பல் ஹில். ஹோரஸ் வில்லியம்ஸ் விமான நிலையம் என்று பெயர். ஹோரஸ் வில்லியம்ஸ் தத்துவப் பேராசிரியர். விமானம் ஓட்டியவர் அல்ல, நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தவர். இரண்டாம் உலகப் போரில் அந்த வளாகத்தில் கடற்படை, பைலட் ஆகப்போகிறவர்களுக்கு முன்பயிற்சி கொடுத்தது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபர்களான இருவரில் ஜெரால்டு ஃபோர்டு அங்கே பயிற்சியாளர், மூத்த புஷ் பயிற்சி பெற்றவர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், மாநிலத்தின் மூலைமுடுக்கு ஊர்களுக்கு மருத்துவர்களை ஏற்றிச் செல்லும் சிறு விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. பல்கலைக்கழகம் அந்த நிலத்தில் புது வளாகம் கட்ட ஆசைப்பட்டு மூட நினைத்தது. மருத்துவர் விமானங்களுக்கு வேறு இடம் ஏற்பாடாகும்வரை மூடக்கூடாது என்று மாநிலச் சட்டமன்றமே குறுக்கே நின்றது. கடைசியில் அந்த விமானங்கள் ராலே-டர்ஹம் நிலையத்துக்குப் போயின. 2018இல் ஓடுபாதை மூடப்பட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு: ஓடுபாதையில் பாடம் நடக்கிறவரை நிலையத்துக்கு ஆபத்து குறைவு. பாடம் நின்று, வெறும் போக்குவரத்தாக ஆகிவிட்டால், ஒரு நாள் யாராவது ஒரு துணைவேந்தர் வரைபடத்தை விரித்து "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே" என்று கேட்பார். வில்லார்ட் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அங்கே ஊருக்கே அது வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இப்படி உண்டா?

பொது விமான நிலையமாக இல்லை. ஆனால் கான்பூர் ஐஐடி வளாகத்துக்குள் ஓடுபாதையும் பறத்தல் ஆய்வகமும் இருக்கின்றன. விமானப் பொறியியல் மாணவர்கள் சிறு விமானத்தில் ஏறி, வகுப்பில் சூத்திரமாகப் படித்ததை வானில் அளந்து பார்க்கிறார்கள். இதற்கும் பர்டூவுக்கும் ஒரு நூல் இழை உண்டு. கான்பூர் ஐஐடியைக் கட்டியெழுப்ப 1962 முதல் 1972வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் கூட்டாக உதவின. அந்த ஒன்பதில் பர்டூவும் உண்டு, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் உண்டு. இருவருமே சொந்த விமான நிலையம் வைத்திருந்தவர்கள்.

சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு நேராக அங்கேயே இறங்கலாமா?

பயணிகள் சேவை 2004இல் நின்றுபோய், இருபது ஆண்டு இல்லாமலே இருந்தது. 2024 மே 15இல் சதர்ன் ஏர்வேஸ் எக்ஸ்பிரஸ் சிகாகோ ஓஹேருக்குச் சிறிய விமானத்தில் சேவை தொடங்கியது. இத்தகைய சின்ன வழித்தடங்கள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடும் முன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், ஊறுகாய் ஜாடி என்று கிளம்புகிற நமக்குச் சின்ன விமானத்தின் எடைக் கட்டுப்பாடு ஒத்துவராது என்பதும் நினைவிருக்கட்டும். பெரும்பாலோர் இண்டியானாபொலிஸில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் வருகிறார்கள். ஓஹேரிலிருந்தும் பஸ் உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒரு வேடிக்கை: சிகாகோ கடிகாரம் வெஸ்ட் லஃபாயெட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால். அதனால் வெஸ்ட் லஃபாயெட்டில் பத்து மணிக்கு விமானம் ஏறினால் சிகாகோவிலும் கிட்டத்தட்ட பத்து மணிக்கே இறங்கலாம். திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

என் பிள்ளைக்கு விமானப் பொறியியலில் இடம் கிடைத்திருக்கிறது. பைலட் ஆகிவிடுவானா?

மாட்டான். விமானம் செய்யக் கற்பது வேறு, ஓட்டக் கற்பது வேறு. பர்டூவில் இரண்டும் வெவ்வேறு பட்டப்படிப்புகள். ஓட்டக் கற்பவர்கள் பைப்பர் ஆர்ச்சர் போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்குவார்கள். பறத்தல் பயிற்சிக்கான கட்டணம் கல்விக் கட்டணத்துக்கு மேல் தனி, அது சின்னத் தொகையும் அல்ல. வெளிநாட்டு மாணவர் என்றால் பயிற்சி தொடங்கும் முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் பின்னணிச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். வாங்கிய அமெரிக்க உரிமத்தை வைத்து இந்தியாவில் அப்படியே ஓட்டிவிட முடியாது; இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் தேர்வுகள் எழுதி மாற்ற வேண்டும். பொறியியல் மாணவன் ஆசைப்பட்டால் பறத்தல் சங்கத்தில் சேர்ந்து தனியாகக் கற்கலாம், ஆம்ஸ்ட்ராங்குக்கு அந்தச் சங்கத்தில்தான் பொழுது போனது.

போனால் என்ன பார்க்கலாம்?

2025இல் திறந்த புது டெர்மினலுக்கு அமீலியா ஏர்ஹார்ட் பெயர்தான். சிறிய கட்டடம், அரைமணி நேரம் போதும். 1930களின் முதல் ஹேங்கர் அவருடைய எலெக்ட்ராவைப் பார்த்த இடம். காற்று அதிகமில்லாத காலையில் போங்கள். மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி மேலேறுவதைப் பார்க்கலாம். சிலர் மெத்தென்று இறக்குவார்கள், சிலர் மூன்று தடவை குதிப்பார்கள்.